பெட்டியடி ஒழுங்கு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. கல்வி, கோயிற்றிருப்பணி, திருமணச் செலவைச் சுருக்குதல் முதலியவற்றைப் பற்றி இம்மேடையிற் பல அறிஞர் பேசியிருக்கின்றனர். யானோ ஒருவன் நாள்தோறும் அமர்ந்து வேலை செய்யும் மேசையைப் பற்றிப் பேசப் புகுந்திருக்கின்றேன். மேசையைத் துடைப்பதற்கு ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ என்று நீங்கள் நகைக்கலாம். துடைப்பதற்கு வேண்டுவதில்லை, துணி ஒன்று போதும். மேசையின்மேல் எது இருத்தல் வேண்டும், எது பெட்டிக்குட் செல்லுதல் வேண்டும், எது குப்பைக்குப் போதல் வேண்டும் என்று தீர்மானிப்பதற்கே அறிவு வேண்டும். அத்தீர்மானத்தைச் செய்யாமையால் நம்மவர் இழந்தனவும் இழந்துகொண்டிருப்பனவும் சிலவல்ல. ஆதலின் இது சிறு பொருளன்று என்பதை முதற்கண் விண்ணப்பித்துக்கொள்கின்றேன்.

நகரத்தார்க்கு இவ்வொழுங்கைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் கடல் கடந்து கொண்டுவிற்ற காலத்தில், இரங்கூன் மொகல் வீதியிலும், சிங்கப்பூர் மார்க்கெட் வீதியிலும், பினாங்கிலும், கொழும்புச் செட்டியார் தெருவிலும் அவர்களுடைய தொழிலிடம் எத்தகையதாக இருந்தது? பெரிய மாளிகையா? அன்று. கிட்டங்கி என்னும் நீண்ட கூடம் ஒன்றிற் பல விலாசத்தார் வரிசையாக இடங்கொண்டு, ஒவ்வொருவரும் சில அடி அகலமுள்ள பெட்டியடி ஒன்றை வைத்திருந்தனர். தரையில் விரித்த பாய். முன்னே சாய்ந்த மூடியுடைய கணக்குப் பெட்டி. பின்னே ஓர் அலமாரி. அருகே இரும்புப் பெட்டி. இவ்வளவே. பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கையிடம். ஊரிலோ வளவும் பட்டாலையும் இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவினின்று மறுதெருவரை நீண்ட வீடு. அவ்வீட்டைக் கட்டிய பொருளெல்லாம் பாய் விரிக்கும் அளவே உள்ள அப்பெட்டியடியிலிருந்து வந்ததென்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அத்துணைச் சிறிய இடத்தில் இலட்சக்கணக்கான கொடுக்கல் வாங்கல் எங்ஙனம் நடந்தது? இடம் சிறிதாக இருந்தமையாலேயே நடந்தது என்பேன். வேண்டாத பொருளை வைக்க அங்கே இடமில்லை. மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் ஒரே பாயிற் பக்கம் பக்கமாக அமர்வர். கைக்கெட்டும் தூரத்தில் அன்றாடக் குறிப்பு, அதன்கீழ்ப் பேரேடு, பெட்டிக்குள் நடப்பிலுள்ள கடன் சீட்டுகளும் உண்டியல்களும், அலமாரியிற் சென்ற ஆண்டுக் கணக்குகளும் கடிதக் கட்டுகளும், இரும்புப் பெட்டியில் அடைமானப் பத்திரங்கள். ஒவ்வொன்றிற்கும் ஓரிடம் இருந்தது. அவ்விடத்தை முதலிற் கற்றவன் பெட்டியடிப் பையன். கணக்கெழுதக் கற்பதற்கு முன்னர், கேட்ட ஏட்டைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்து நீட்டக் கற்றான். கடன் கேட்டு வந்தவன் எதிரே நிற்கும்போது ஏட்டைத் தேடிக்கொண்டிருப்பவனை அவன் மதிப்பானா? தேடுதல் என்பது வணிகனுக்கு நாணயக் குறைவு.

பொழுது சாய்ந்தால் கையிருப்பை எண்ணிக் குறிப்போடு ஒத்துப்பார்த்து, அன்றன்றைய பதிவைப் பேரேட்டில் ஏற்றிப் பெட்டியை மூடினர். குறித்த காலத்தில் ஐந்தொகை எடுத்து ஊரிலுள்ள முதலாளிக்கு அனுப்பினர். சம்பளச் சிட்டையில் எழுதிய தவணை முடிந்து மேலாள் ஊர் திரும்பும்போது, அடுத்து வருபவன் அதே பாயில் அமர்ந்து மறுநாட் காலையே கணக்கைத் தொடர்ந்து நடத்துதல் வேண்டும். முன்னவன் தன் மனத்திலே மட்டும் வைத்திருந்த ஒழுங்கு பின்னவனுக்குப் பயன்படாது. ஆகவே பெட்டியின் ஒழுங்கு ஒருவனுடைய விருப்பமாக இராமல் கடையின் முறையாக இருந்தது. இக்கருத்தை நீங்கள் மறவாதிருத்தல் வேண்டும். நான் இன்று சொல்லப் போவன எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. நம் மேசையின் ஒழுங்கு நமக்காக மட்டுமன்று. நாம் எழுந்துபோன பின்னர் அதன்முன் அமர்பவர்க்காகவும் ஆகும்.

இவ்வொழுங்கின் அருமை இடர்க்காலத்தில் விளங்கும். பர்மாவில் நெல் விளையும் தலைமையான 13 மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நம்மவர் நிலம், விலை வீழ்ச்சியாற் கடன்கள் நிலமாகவே திரும்பிவந்த காரணத்தால், 1937-இல் ஏறத்தாழக் காற்பங்காயிற்று. 1941 டிசம்பர் 23-இல் இரங்கூனின்மேற் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் அந்நகர் சப்பானியர் கைப்பட்டது. இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தே தாய்நாடு நோக்கினர். அங்ஙனம் புறப்படுபவன் தலையிற் சுமக்கத்தக்கது ஒரு சிறு மூட்டையே. எதை எடுப்பது, எதை விடுவது? பத்திரம் இன்ன இடத்தில் இருக்கின்றதென்று அறிந்தவனுக்கு அது கால் நாழிகை வேலை. அறியாதவனுக்கோ ஒரு நாட்பொழுதும் போதாது. பின்னர் 1948-இலும் 1953-இலும் இயற்றப்பெற்ற சட்டங்களால் அந்நாட்டு நிலங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. பத்திரம் வைத்திருந்தவர்க்கும் நிலம் மீளவில்லை என்பது உண்மையே. ஆயினும் உரிமை இன்னதென்று ஒரு மனு எழுதுவதற்கேனும் தாள் கையில் இருத்தல் வேண்டுமன்றோ?

அன்பர்காள்! அது போர்க்காலம். இன்று குண்டு விழவில்லை. ஆயினும் இழப்பு நிகழ்ந்துகொண்டே இருக்கின்றது. வங்கியில் 10 ஆண்டுகள் எவரும் கேளாது கிடக்கும் வைப்புத்தொகையை, 2014-இல் தொடங்கிய ஒரு நிதியில் ரிசர்வ் வங்கியினிடம் சேர்த்துவிடுகின்றனர். 7 ஆண்டுகள் தொடர்ந்து வாங்கப்படாத ஆதாயப் பங்கையும், அதற்கு அடியாக உள்ள பங்குகளையுமே, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாற்றிவிடுகின்றனர். உரியவர் பின்னர்க் கேட்டுப் பெறலாம். எனினும் கேட்பதற்கு முன் அப்படி ஒன்று உண்டென்று தெரிதல் வேண்டும். உரிமை கோரப்படாத வைப்புகளைத் தேடிப் பார்ப்பதற்கென 2023-இல் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்னும் இணையதளம் ஒன்றைத் திறந்தது. நாட்டின் தலைமை வங்கியே அத்தகைய தேடுமிடம் ஒன்றை அமைக்க நேர்ந்ததென்றால், நம் மக்கள் எத்தனை மேசையறைகளை ஆராயப்படாமல் விட்டுச்சென்றிருக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். அப்பச்சி எதிர்பாராமற் காலமானால், துக்கம் ஆறுமுன்னரே ஆத்தாள் அவருடைய மேசையைத் திறந்து நிற்கின்றார். உள்ளே இருபதாண்டு மின்கட்டணச் சீட்டுகளும், மை உலர்ந்த பேனாக்களும், அறுந்த மின்கம்பிகளும், மணமாகிப் பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டவர்களின் கலியாண அழைப்புகளும் குவிந்திருக்கின்றன. அவற்றின் நடுவே எங்கேயோ ஒரு வைப்புச் சீட்டும் இருக்கின்றது. அது கிடைக்குமா, கிடையாதா? இதுவே இன்றைய பேச்சிற் பணயமாக உள்ளது.

இக்குவியல் எங்ஙனம் உண்டாகின்றது? சோம்பலால் என்பர் சிலர். என் கருத்தில் சோம்பல் முழுக் காரணமன்று. சுறுசுறுப்புள்ளோர் மேசையும் குவிந்தே கிடக்கக் காண்கின்றோம். மேசையின்மேற் கிடக்கும் தாள் ஒவ்வொன்றும் தள்ளிவைக்கப்பட்ட ஒரு தீர்மானம். விடை எழுதுவதா வேண்டாவா என்று தீராத கடிதம். கட்டுவதா வழக்காடுவதா என்று தீராத வரி அறிவிப்பு. எறியவும் மனமின்றி வைக்கவும் இடமின்றி நிற்கும் பழைய பட்டியல். ‘பிறகு பார்ப்போம்’ என்று சொல்லி வைக்கின்றோம். நாளை அதன்மேல் மற்றொன்று விழுகின்றது. மூன்றாம் நாள் அடியிலுள்ளது கண்ணுக்கு மறைகின்றது; கண்ணுக்கு மறைந்தது கருத்துக்கும் மறைகின்றது. ஆகவே மேசையை ஒழுங்குபடுத்துதல் என்பது தாளை அடுக்குதலன்று. தீர்மானங்களைத் தீர்த்தலே ஆகும். குவியலை நான்கு மூலையும் நேராக அடுக்கி வைப்பவர் அதனை அழகுபடுத்துகின்றாரேயன்றிக் குறைத்தாரில்லை.

இரண்டாவது காரணம் அச்சம். இது என்றேனும் வேண்டியிருக்குமோ என்னும் அச்சத்தினால் எல்லாவற்றையும் வைக்கின்றோம். எல்லாவற்றையும் வைத்தவனுக்கு வேண்டியபோது எதுவும் அகப்படுவதில்லை. மூன்றாவது காரணம் பெட்டிகள் மிகுதல். நம்மூர் வீடுகளிற் பெட்டகசாலைக்குக் குறைவில்லை. இடமுண்டாதலால் எதையும் எறிவதில்லை. இடம் மிகுந்தால் ஒழுங்கு குறையும் என்பதற்குப் பெட்டகசாலையும், இடம் குறைந்தால் ஒழுங்கு மிகும் என்பதற்குப் பெட்டியடியும் சான்றாகும்.

இனிச் செய்முறையைச் சொல்லுகின்றேன். முதலாவது, மேசையை முழுவதும் காலி செய்தல். ஒரு மூலையை மட்டும் திருத்தினால் அங்கிருந்தது மற்றொரு மூலைக்குச் செல்லுமேயன்றி ஒழியாது. ஆயுதபூசைக்கு நாம் என் செய்கின்றோம்? கருவிகளையும் கணக்குகளையும் முற்றும் வெளியே எடுத்துத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கின்றோம். அன்று ஒருநாள் அவற்றைக் கையாளாதிருந்து, மறுநாள் விசயதசமியன்று மீண்டும் எடுக்கின்றோம். எடுக்கும்போது இவ்வாண்டு இது வேண்டுமா என்னும் கேள்வியோடு எடுத்தால், அவ்விழா நமக்குப் பெருந்துணையாகும். பூசையைச் செய்து கேள்வியை விட்டுவிட்டோம், அதுவே குறை.

இரண்டாவது, வெளியே எடுத்தவற்றை மூன்று கூறாகப் பிரித்தல். நடப்பு, காப்பு, கழிவு என்று அவற்றைச் சொல்லலாம். இம்மாதத்துள் நாம் ஏதேனும் செய்தற்குரியது நடப்பு. செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை, ஆயினும் சான்றாக இருத்தல் வேண்டும் என்பது காப்பு. இரண்டும் அல்லாதது கழிவு. நான்காவது கூறாகப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒன்றை வைத்தீர்களாயின், எல்லாத் தாளும் அதனுள்ளே சென்று புகும். ஐயத்துக்குரியவற்றை ஓர் உறையில் இட்டு மேலே தேதி எழுதுக. ஓராண்டு அவ்வுறையைத் திறக்க நேராவிடின், அதற்குள் எவருடைய கையொப்பமோ முத்திரையோ உள்ள தாள் இல்லை என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டு கழித்துவிடுக.

மூன்றாவது, இடம் வகுத்தல். நாள்தோறும் எடுப்பது கைநீட்டும் தூரத்தில்; வாரம் ஒருமுறை எடுப்பது மேசையறையில்; ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது அலமாரியில்; வாழ்நாளில் இரண்டொரு முறை எடுப்பது இரும்புப் பெட்டியில். பொருளின் விலையைக்கொண்டு இடம் வகுத்தல் தவறு. எடுக்கும் முறையைக் கொண்டே வகுத்தல் வேண்டும். விலையுயர்ந்த வெள்ளி மைக்கூடு மேசையின் நடுவே வீற்றிருக்க, நாளும் எழுதும் பேனா எங்கே என்று தேடும் வீடுகள் உண்டு. ஒவ்வொரு கட்டின்மேலும் பொருளும் ஆண்டும் எழுதிவைத்தல் இன்றியமையாதது. எழுதாத கட்டு பூட்டிய பெட்டியிலும் கொடியது. பெட்டிக்காவது திறவுகோல் உண்டு.

நான்காவது, அன்றாட அடைப்பு. பெட்டியடியில் இருந்த அப்பழக்கத்தை நாம் மீட்டல் வேண்டும். வேலை முடிந்து எழுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, நடப்புத் தாள்களை ஒருமுறை புரட்டி, நாளைக்குரியதை மேலே வைத்து, மற்றவற்றை அதனதன் இடத்திற் சேர்த்து எழுக. ஆண்டுக்கு ஒருநாள் பாடுபட்டு, எஞ்சிய 364 நாளும் விட்டுவிடுவோர் மேசை பழைய நிலைக்கே திரும்பும். சப்பானியத் தொழிற்சாலைகளில் இதனையே ஐந்து படிகளாகக் கற்பிக்கின்றனர்: வேண்டாதன விலக்கல், வேண்டுவன நிரல்பட வைத்தல், துப்புரவு செய்தல், அதனை எல்லார்க்கும் பொதுவான முறையாக்கல், இடையறாது கடைப்பிடித்தல் என்பன அவை. ‘ஐந்து எஸ்’ என்று இன்று நம் தொழிற்கூடங்களின் சுவர்களிலும் எழுதியிருக்கக் காண்கின்றோம். சப்பானியர் சொன்னால் வியந்து கேட்கும் நாம், ஐயாமார் பெட்டியடியிற் செய்ததை மறந்தோமாயின் அது பெருமையாகாது.

இனி எவற்றை எத்தனை காலம் வைப்பது என்னும் கேள்வி எழும். இதற்கு மனம்போன விடை கூடாது. சட்டமே சில அளவுகளை வகுத்திருக்கின்றது. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி கைமாற்றுக் கடனுக்கும் கேட்டபோது கொடுப்பதாக எழுதிய புரோநோட்டுக்கும் வழக்குத் தொடுக்க 3 ஆண்டே எல்லை. அந்த 3 ஆண்டு கழியுமுன் சீட்டின் பின்புறம் வரவெழுதிக் கடன்பட்டவர் கையொப்பம் பெற்றால், அன்று முதல் புதிதாக 3 ஆண்டு உண்டு. இதனால் அறியத்தக்கது யாது? புரோநோட்டைக் காப்பிற் போடலாகாது. நடப்பிலேயே கண்முன் வைத்தல் வேண்டும். அடியிற் புதைந்த சீட்டு நாளொன்றுக்கு நாளொன்றாக உயிர் குறைந்துகொண்டே போகும். அடைமானத்தை மீட்க வழக்குத் தொடுப்பதற்கோ 30 ஆண்டு எல்லையுண்டு. ஆகவே அடைமானத் தாள்கள் நெடுங்காலம் இருத்தல் வேண்டும்.

வணிகர் கணக்குகளுக்கு வருவோம். சரக்கு சேவை வரிக்குரிய கணக்குகளையும் பட்டியல்களையும், அவ்வாண்டுக்குரிய ஆண்டறிக்கை கொடுக்க வேண்டிய கெடுநாளிலிருந்து 72 மாதம் காத்தல் வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்து தொழில் நடத்துவோர் 8 ஆண்டுக் கணக்குகளை வைத்திருத்தல் வேண்டும். வழக்கோ விசாரணையோ நடப்பிலிருந்தால் அது முடியும்வரை ஒரு தாளையும் நீக்கலாகாது. இவ்வெல்லைகளைக் கடந்த சாதாரணப் பட்டியல்களையும், கட்டித் தீர்ந்த மின்கட்டணச் சீட்டுகளையும், காலாவதியான கருவிகளின் உத்தரவாதச் சீட்டுகளையும் தயக்கமின்றிக் கழிக்கலாம். கழிக்கும்போது கணக்கெண்ணும் கையொப்பமும் உள்ள தாளை முழுதாக எறியாது துண்டு துண்டாகக் கிழித்துப் போடுக. வஞ்சகர் கையில் அவை கருவியாகும்.

மூலப் பத்திரங்களின் முறை வேறு. பதிவு செய்த கிரயப் பத்திரம் தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்திற் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவு செய்யாத உயிலுக்கும் புரோநோட்டுக்கும் குடும்பத்துக்குள் எழுதிய ஏற்பாட்டுக்கும் நகல் கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. ஆதலின் நகல் கிடையாத தாளுக்கே முதற் காவல். காகிதப் பங்குப் பத்திரங்கள் பல வீடுகளில் இன்னும் பழைய உறைகளிலேயே உறங்குகின்றன. சந்தையிற் பதிவான கம்பெனியின் பங்கானால், விற்குமுன் அதனை மின்பதிவாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். கையொப்பமும் பெயரெழுத்தும் ஒத்துவராமையால் இதில் மாதங்கள் கழியும். உரியவர் உயிரோடிருக்கும்போதே செய்தல் எளிது.

இதுகாறும் கழித்தலைச் சொன்னேன். கழித்தலிலும் ஒரு பெருந்தவறு உண்டு. அதனைச் சொல்லாது விடின் என் பேச்சுத் தீங்கு செய்ததாக முடியும். பழையது கழிதல் வேண்டும் என்ற பெயரால் தமிழ்நாட்டில் ஏடுகள் பட்ட பாட்டை உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார். ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டவையும் தீயிற் பெய்தவையும் எத்தனை நூல்களோ! அவர் ஊரூராக அலைந்து தேடி 1887-இற் சீவகசிந்தாமணியை அச்சிட்டது, எறியாது வைத்திருந்த சிலருடைய வீடுகளின் பயனே. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு வீட்டிலேயே கிடந்து, 1846-இல் வெளிப்பட்டது. ஒரு துபாசியின் மேசைக் குறிப்பு இன்று நாட்டு வரலாற்றுக்கு ஆதாரமாக நிற்கின்றது.

நம் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை எண்ணுங்கள். பிறர் வேண்டாவென்று தள்ளிய நூல்களையும், இதழ்களையும், நாடக நோட்டீசுகளையும், அழைப்பிதழ்களையும் தம் வாழ்நாளெல்லாம் தொகுத்தார். அவை ஏறத்தாழ 1 இலட்சம் ஆயின. 1992-இல் அவர் மறைந்த பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. அவரும் எறியாதவர், நம் வீட்டுப் பெட்டகசாலையை நிரப்பியவரும் எறியாதவர். இருவர்க்கும் வேற்றுமை யாது? முன்னவர் இன்னதற்காக வைக்கின்றேன் என்று அறிந்து வைத்தார். பின்னவர் வைத்ததை மறந்தார். அறிந்து வைத்தது நூலகம்; மறந்து வைத்தது குப்பை.

பொற்கொல்லர் பட்டறையைப் பார்த்தீர்களாயின் மற்றொரு பாடம் கிடைக்கும். அங்கே பெருக்கிய தூசியையும் எறிவதில்லை; அதிற் பொற்றுகள் கலந்திருத்தலால் சேர்த்துவைத்துப் பிரித்தெடுக்கின்றனர். ஒருவர்க்குக் குப்பையாவது மற்றொருவர்க்குப் பொன்னாகலாம். எனவே கழிக்குமுன் எந்தத் தொழிலுக்குரிய கண்ணால் பார்க்கின்றோம் என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஐயா இரங்கூனிலிருந்து ஆயாளுக்கு எழுதிய கடிதம் வரிக்கணக்குக்குப் பயன்படாது, குடும்பத்துக்குப் பயன்படும். இசைகுடிமானம் எழுதிய ஓலை, பழைய மொய்ப்பண ஏடு, சம்பளச் சிட்டை, கொண்டுவிற்ற இடத்துப் பேரேடு ஆகியவற்றைக் காலாவதி பார்த்துக் கழிக்கலாகாது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற் பழம்பொருட்கடைகள் இருத்தலை யாவரும் அறிவீர். கணக்குப் பெட்டியை விற்பவர் அதன் உள்ளறைகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டாவது விற்பாராக. அத்தகைய ஏடுகளைத் தூசு தட்டி, ஈரம் படாத இடத்தில், வசம்பு இட்டுத் துணியிற் கட்டி வைத்தல் போதும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டவிழ்த்துப் பாராதது கறையானுக்கு இட்ட விருந்து.

இளைஞர் சிலர், எங்கள் மேசையில் தாளே இல்லை, எல்லாம் கணினியில் இருக்கின்றன என்பர். மேசை கண்ணாடிக்குள் புகுந்ததேயன்றிக் குவியல் ஒழிந்ததில்லை. ‘புதிது’, ‘புதிது இரண்டு’, ‘இறுதி’, ‘இறுதிக்கு இறுதி’ என்று பெயரிட்ட கோப்புகளால் திரை நிறைந்திருப்பதைப் பார்க்கின்றோம். அங்கும் அதே மூன்று கூறு, அதே எழுத்து. கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பின் மாதம், பின் நாள், அதன்பின் பொருள் என்று எழுதினால் அவை தாமே நிரல்பட நிற்கும். முக்கியமானவற்றுக்கு வேறோரிடத்தில் மற்றொரு படியும் இருத்தல் வேண்டும். ஓர் இயந்திரம் பழுதானால் ஓராயிரம் தாள் ஒருங்கே எரிந்ததற்கு ஒப்பாகும். காகிதத்திற்கு இல்லாத ஓர் இடர் இதிலுண்டு. பூட்டிய மேசையைத் தச்சனைக் கொண்டு திறக்கலாம்; கடவுச்சொல் தெரியாத கணக்கைத் திறக்கத் தச்சன் இல்லை.

இங்கே சில தடைகள் கூறப்படும். பேரறிஞர் மேசைகள் எல்லாம் கலைந்தே கிடந்தன என்பர் சிலர். அவர் அறிவு கலைந்த மேசையால் வந்ததன்று. அம்மேசை கிடந்தபோதும் வந்தது. மேலும், எழுதும்போதும் எண்ணும்போதும் தாள்கள் பரந்து கிடத்தல் இயல்பே. நெசவு நடக்கும்போது தறியில் நூல் பரந்துதான் இருக்கும். வேலையினாற் பரவுவது வேறு, விட்டுவிட்டமையாற் குவிவது வேறு. வெறுமையான மேசை நமது நோக்கமன்று. தேடாத மேசையே நோக்கம். என் மேசையை எவரும் தொடலாகாது, எனக்குத் தெரியும் எது எங்கே என்று, என்பர் மற்றும் சிலர். மெய்யே, அவர்க்குத் தெரியும். அவர் இல்லாதபோது எவர்க்குத் தெரியும்? பெட்டியடியில் அடுத்தாளுக்குத் தெரியாத இடம் ஒன்றும் இருந்ததில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். ஒவ்வொரு வீட்டிலும் வரும் ஆயுதபூசைக்குள் ஒரே தாளில் ஓர் ஐந்தொகை எழுதுக. எந்த வங்கியில் எந்தக் கணக்கு, வாரிசாக நியமிக்கப்பட்டவர் யார், வைப்புச் சீட்டுகள் எவை, காப்புறுதி எவை, பங்குகள் எவை, நிலப் பத்திரங்கள் எங்கே, கொடுக்க வேண்டுவது யார்க்கு, வர வேண்டுவது யாரிடம் என்று எட்டு வரி எழுதினாற் போதும். கடவுச்சொற்களை வேறோர் உறையில் இட்டு முத்திரையிடுக. இவ்விரண்டும் இருக்கும் இடத்தை ஆச்சிக்குச் சொல்லுக. வளர்ந்த மகனுக்கும் மகளுக்கும் சொல்லுக. ஆண்டுதோறும் பூசையன்று அத்தாளைப் புதுப்பித்துத் தேதியிடுக. கணக்கில்லாத பொருள் பிறர்க்கு உரியது என்பதைக் கொண்டுவிற்ற குடியிற் பிறந்த நமக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா?

எழுதப் படிக்கச் சலிப்புற்ற முதியோர்க்கும், கணவரை இழந்த ஆச்சிமார்க்கும், இளைஞர் இருவர் மூவர் சென்று உடனிருந்து இதனைச் செய்துகொடுத்தல் நல்லது. அவர்கள் பிறர் பொருளைப் பாராது, எழுதும் முறையை மட்டும் காட்டுவாராக. கணக்கறிந்த பெரியோர் சிலர் வழிகாட்டினால் நம் சங்கம் இவ்வொரு பணியாற் பல குடும்பங்களுக்கு உதவியதாகும். பழைய பேரேடும் கடிதமும் ஓலையும் கண்டெடுப்போர், கழிக்குமுன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவும் வேண்டுகின்றேன்.

சில அடிப் பாயில் அமர்ந்து கடல்கடந்த தொழிலை நடத்தியவர் வழித்தோன்றல்கள் நாம். அவர்கள் கட்டிய வீட்டைக் காக்கப் பாடுபடுகின்றோம். அவ்வீட்டைக் கட்டிய பழக்கத்தையும் காப்போமாக.